பத்திரம் சுத்தம்... கட்டடம்?

சென்னையின் புறநகரோ, கோவையோ, திருச்சியோ, எந்த ஊரானாலும் மொட்டை மாடியில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தால் ஒரு காட்சி தவறாது. அக்கம்பக்கத்து வீடுகளின் தளத்தில் பில்லர் கம்பிகள் இடுப்பளவு உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சில கம்பிகளின் நுனியில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். சிலவற்றுக்கு நடுவே துணிக்கொடி ஓடும். பல கம்பிகள் துருவேறிச் சிவந்திருக்கும். பையன் வேலைக்குப் போனதும் மேலே ஒரு தளம், பெண்ணுக்கு ஒரு போர்ஷன், மிச்சத்தை வாடகைக்கு விடலாம் என்று அந்த வீட்டுக்காரர் போட்டுவைத்த கணக்கு அது.

அந்த வீடு விற்பனைக்கு வரும்போது கம்பிகளும் விலையில் சேர்ந்துகொள்கின்றன. “ஃபவுண்டேஷன் ஸ்ட்ராங் சார். மேல ரெண்டு மாடி தாராளமா எழுப்பிக்கலாம்” என்பார் தரகர். வாங்குபவரும் நிமிர்ந்து பார்ப்பார். கம்பி இருக்கிறது, ஆகாயம் இருக்கிறது, பிறகென்ன? இந்தக் கேள்விக்கான பதில் மொட்டை மாடியில் இல்லை. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலோ (சி.எம்.டி.ஏ.), மாவட்டத்தின் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ, மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ ஒரு கோப்புக்குள் இருக்கிறது. அந்தக் கோப்பைப் பார்க்காமலே வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்குபவர்கள்தான் அதிகம்.

வீடு வாங்குவதில் நம் மக்களை அசட்டையானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. தாய்ப்பத்திரத்தைத் தேடுகிறோம். முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகளில் எவராவது கையெழுத்துப் போடாமல் விடுபட்டிருக்கிறாரா என்று வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குகிறோம். வாஸ்து தெரிந்தவரையும் ஒரு நடை கூட்டிவந்து காட்டுகிறோம். வாஸ்துவை விட்டுவிட்டால், இவை அனைத்தும் மண்ணைப் பற்றிய விசாரணை. மண்ணின் மேல் நிற்கும் கட்டடம் யாருடைய அனுமதியில் நிற்கிறது, அனுமதி கொடுத்தபடிதான் நிற்கிறதா என்று விசாரிப்பவர் குறைவு. வக்கீல் பார்ப்பது உரிமையை. அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டை அளக்க வருவதில்லை. வங்கியின் மதிப்பீட்டாளர் வருவார், ஆனால் அவர் வருவது வங்கியின் பணத்தைக் காப்பாற்ற. கடன் பாஸாகிவிட்டதே, அப்படியானால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நாம் நிம்மதியாகிவிடுகிறோம்.

நிம்மதி கலைவது பெரும்பாலும் மேலே ஒரு தளம் கட்டக் கிளம்பும்போதுதான்.

எந்த அனுமதி, யார் கொடுத்தது?

‘அப்ரூவல் இருக்கு’ என்று விற்பவர் சொன்னால், அடுத்த கேள்வி ‘எதற்கு அப்ரூவல்?’ என்பதாக இருக்க வேண்டும். நிலத்தை மனைகளாகப் பிரித்ததற்கு ஒரு அனுமதி. அந்த மனையில் இன்ன உபயோகத்துக்கு, இத்தனை தளத்தில், இவ்வளவு இடைவெளி விட்டுக் கட்டலாம் என்பதற்கு இன்னொன்று; அதுதான் திட்ட அனுமதி. அதை ஒட்டி உள்ளாட்சி அமைப்பு தருவது கட்டட அனுமதி. கட்டி முடித்த பிறகு, வரைபடத்தில் உள்ளபடியே கட்டியிருக்கிறார்கள் என்று சொல்வது பணி நிறைவுச் சான்று. இந்த நான்கில் ஏதோ ஒன்றின் நகலைக் காட்டிவிட்டு நான்கும் இருப்பதுபோலப் பேசுவது வீட்டு வியாபாரத்தில் சகஜம்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். புதிதாகக் கட்டுவதற்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இருக்கிற வீட்டைப் பெரிதாக்குவதும், குடியிருக்கும் வீட்டின் முன்னறையைக் கடையாக்குவதும்கூட இதன் வரம்புக்குள் வருகின்றன. வெள்ளையடிப்பதற்கும், பூச்சு வேலைக்கும், தரைக்கு டைல்ஸ் மாற்றுவதற்கும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. கூடுதலாக ஒரு அறை எழும்பினால் போக வேண்டும். மொட்டை மாடியில் தகரம் போட்டு, சுற்றிலும் சுவர் வைத்து, ‘டெம்பரரி சார்’ என்று வாடகைக்கு விடுவதும் கூடுதல் அறைதான்.

சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் டி.டி.சி.பி. என்று மக்கள் அழைக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககம், சிறிய கட்டடங்களுக்கு இவர்கள் அதிகாரம் வழங்கிய உள்ளாட்சி அமைப்புகள் என்று பொறுப்பு பிரிந்திருக்கிறது. 10,000 சதுர அடிக்கும் எட்டுக் குடியிருப்புகளுக்கும் உட்பட்ட வீடுகள் பெரும்பாலும் உள்ளாட்சியிலேயே முடிந்துவிடும். ஆகவே ஒரு தனி வீட்டுக்கு சி.எம்.டி.ஏ. முத்திரை இல்லையே என்று பதற வேண்டாம். யாருக்கு அதிகாரம் இருந்ததோ அவர் கொடுத்திருக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மனைக்கும் அப்படித்தான். புறநகர்களில் ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்ற சொல்லை நம்பி வாங்கப்பட்ட மனைகளுக்குக் கணக்கில்லை. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல், ஊராட்சித் தலைவர் தம் கையெழுத்தை மட்டும் போட்டு ஒரு மனைப்பிரிவை அனுமதித்துவிட முடியாது. பல ஆண்டுகள் கண்டுகொள்ளப்படாமல் இருந்த இந்த விஷயத்தில் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு, அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. மாநிலமே ஸ்தம்பித்தது என்று சொன்னால் மிகையில்லை. பிறகு 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை பெறலாம் என்றார்கள். பலர் பெற்றார்கள், ‘பத்திரம்தான் பதிவாகிறதே’ என்று பலர் விட்டுவிட்டார்கள். ஏற்கெனவே மனையாகப் பதிவான இடம் மறுபடி கைமாறும்போது பதிவாகிவிடும். அதே இடத்தில் மாடி கட்ட விண்ணப்பித்தால் முதலில் கேட்கப்படும் காகிதம் அந்த வரன்முறை உத்தரவு. பழைய தனி வீடு வாங்குகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

வரைபடமும் வீடும்

விற்பவரிடம் அப்ரூவ்டு பிளான் வாங்கிவிட்டீர்கள். அதை வக்கீல் கட்டோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தெரிந்த சிவில் இன்ஜினீயர் ஒருவரையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அவருக்குத் தரும் கட்டணம் பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வரைபடத்தின் ஓரத்தில் ஒரு பரப்பளவு அட்டவணை இருக்கும். மனை எவ்வளவு, தரைத்தளம் எவ்வளவு, முதல் தளம் எவ்வளவு, எத்தனை குடியிருப்பு, எத்தனை கார் நிறுத்தும் இடம் என்று எல்லாம் அதில் இருக்கும். அதையும் கண்ணெதிரே நிற்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சுவாரஸ்யமான விஷயங்கள் கிடைக்கும். வரைபடத்தில் பக்கவாட்டில் ஒரு ஆள் தாராளமாக நடக்கும் அளவுக்கு இடைவெளி. நேரில் அந்த இடத்தில் வெளிப்புறப் படிக்கட்டும் ஒரு பாத்ரூமும். வரைபடத்தில் கார் நிறுத்தும் ஸ்டில்ட். நேரில் தையல் கடை. வரைபடத்தில் மாடிப்படி ஹெட்ரூம். நேரில் அது வளர்ந்து, அட்டாச்டு பாத்ரூமோடு ஒரு பேச்சிலர் ரூம். வரைபடத்தில் ஒரு குடும்பத்துக்கான வீடு. நேரில் மூன்று சமையலறை, மூன்று மின் மீட்டர்.

இதையெல்லாம் சுட்டிக்காட்டினால் வரும் பதில்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. “வருஷா வருஷம் வரி கட்டுறோமே” என்பது முதல் பதில். சொத்து வரி என்பது இருக்கிற கட்டடத்துக்கு வசூலிக்கும் வரி, அவ்வளவே. அனுமதியில்லாத தளத்துக்கும் வரி விதிப்பார்கள். அந்த ரசீது அனுமதியாகாது. “இ.பி. கனெக்‌ஷன் கொடுத்திருக்காங்களே” என்றால், அதுவும் அப்படித்தான். “இருபது வருஷமா இருக்கு, ஒருத்தரும் கேட்கல” என்பது அடுத்தது. கேட்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்த்தகராறு வரும் நாள்வரை பல விதிமீறல்களை யாரும் கேட்பதில்லை. ஒரு புகார் மனு போதும், கோப்பு நகர ஆரம்பித்துவிடும். “தெருவுல எல்லாரும் இப்படித்தான் கட்டியிருக்காங்க” என்பது கடைசி பதில். அதுவும் பெரும்பாலும் உண்மை. ஆனால் நோட்டீஸ் தெருவுக்கு வராது, உங்கள் கதவு எண்ணுக்கு வரும்.

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று அளித்த தீர்ப்பு ஒவ்வொரு வீடு வாங்குபவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் குடியிருப்பு மனையில் எழுந்த கடைகள் பற்றிய வழக்கு அது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் தயவுதாட்சண்யம் காட்டவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன, பணம் கொட்டியாகிவிட்டது, அதிகாரிகள் அப்போது தடுக்கவில்லை என்பதெல்லாம் விதிமீறலுக்குக் கேடயமாகாது என்றார்கள். நாடு முழுமைக்குமான வழிகாட்டுதல்களையும் தந்தார்கள். மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே தரப்பட வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

இங்கே தமிழ்நாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மூன்று குடியிருப்புகள் வரையுள்ள சிறிய வீடுகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு அளித்தன. 2024-ல் அந்த விலக்கு எட்டுக் குடியிருப்புகள் வரை விரிந்தது. அலைச்சல் மிச்சம் என்று வீடு கட்டியவர்கள் மகிழ்ந்தார்கள், நியாயமான மகிழ்ச்சிதான். அந்த வீட்டை இரண்டாவதாக வாங்குகிறவர் நிலைமை வேறு. கட்டி முடித்த பின் வரைபடத்தோடு ஒப்பிட்டு ‘சரி’ என்று கையெழுத்துப் போட அங்கே எந்த அதிகாரியும் வந்திருக்கவில்லை. அரசு பார்க்காமல் விட்டதை வாங்குகிறவர்தான் பார்த்தாக வேண்டும்.

சுயசான்று முறைக்கும் இது பொருந்தும். 2024 ஜூலை 22-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த இந்தத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளத்தோடு ஒரு மாடி கட்ட, ஒற்றைச்சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். அலுவலகப் படியேறாமல், யாரையும் ‘கவனிக்காமல்’ அனுமதி கிடைப்பது சாதாரண மாற்றமில்லை, வரவேற்கத்தான் வேண்டும். அதே சமயம் அதன் பொருள், அனுமதியின் உண்மைக்கு விண்ணப்பித்தவரே பொறுப்பு என்பது. வருங்காலத்தில் இப்படிக் கட்டிய வீடுகள் சந்தைக்கு வரும்போது, அனுமதி நகலை மட்டும் பார்த்துத் திருப்தியடைகிறவர் விற்பவரின் வாக்குமூலத்தை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்.

தரகரின் இரண்டு மாடி

இனி, அந்தக் கம்பிகளுக்கு வருவோம். மேலே எவ்வளவு கட்டலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்க இன்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை.

எஃப்.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்வது. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது, 2019 விதிகளில் 2 ஆக உயர்ந்தது. அரை கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம்: 1,200 சதுர அடி. இரு மடங்கு என்றால் 2,400. ஏற்கெனவே தரைத்தளம் 850, முதல் தளம் 850 கட்டியிருக்கிறார்கள், மொத்தம் 1,700. மிச்சம் 700 சதுர அடி. தரகர் சொன்ன ‘ரெண்டு மாடி’க்கு 1,700 வேண்டும். முழுதாக ஒரு மாடிக்கே இடமில்லை. இரண்டு அறையும் ஒரு சிட் அவுட்டும் வரும். விற்பவர் ஏற்கெனவே ஹெட்ரூமை அறையாக்கியிருந்தால், பக்கவாட்டு இடைவெளியை மூடியிருந்தால், இந்த 700-லும் ஒரு பகுதி போய்விட்டது.

இந்தக் கணக்கு தேறினாலும் வேலை முடியவில்லை. உயரம் கூடும்போது விட வேண்டிய இடைவெளியும் கூடலாம். முதல் தளத்துக்குப் போதுமான செட்பேக் மூன்றாவது தளத்துக்குப் போதாமல் போகும். குடியிருப்பின் எண்ணிக்கை கூடினால் வண்டி நிறுத்தும் இடமும் கூட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சாலையின் அகலம். எவ்வளவு உயரம், எத்தனை குடியிருப்பு, கூடுதல் எஃப்.எஸ்.ஐ. உண்டா இல்லையா என்று பலவற்றை முடிவுசெய்வது வீட்டு வாசலில் இருக்கும் அந்தத் தெருதான். கூடுதலாகக் கட்டணம் செலுத்தி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. 9 மீட்டருக்கும் குறைவான சாலைகளுக்குக் கிடையாது. 9 மீட்டர் என்பது ஏறத்தாழ முப்பது அடி. அதற்கு மேல் அகலத்தைப் பொறுத்து 30, 40, 50 சதவீதம் என்று கூடுகிறது. பத்திரத்தில் ‘முப்பதடி ரோடு’ என்று எழுதியிருக்கும். போய் அளந்தால், இருபுறமும் படிக்கட்டும் சாய்தளமும் ஏறி, இருபத்திரண்டு அடிதான் இருக்கும். வீட்டை அளக்கப் போகும் அன்றே தெருவையும் அளந்துவிடுங்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளில் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்பதைப் பார்த்து, அந்த மாதிரியே புறநகரிலும் கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவை தொடர் கட்டடப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்டவை; அவற்றுக்கான சலுகை மடிப்பாக்கத்துக்கு வராது.

ஊருக்கு ஊர் வேறு தடைகளும் இருக்கின்றன. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று அரசாணை இருக்கிறது. மாமல்லபுரத்திலோ தஞ்சைப் பெரிய கோயில் அருகிலோ வீடு வாங்கினால், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி கட்டாயம். நீலகிரியில் உயர வரம்பு 7 மீட்டர். மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் விமான நிலையத்தின் உயரக் கட்டுப்பாடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ‘பால்கனியில் நின்றால் கடல் தெரியும்’ என்று விற்கப்படும் வீடுகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள்.

கடலோர விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் பாடம் இருக்கிறது. கொச்சி அருகே மரடில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அந்தக் கட்டடங்கள் திருட்டுத்தனமாகக் கட்டப்பட்டவையா என்றால் இல்லை. உள்ளாட்சி கொடுத்த அனுமதி இருந்தது. கடலோர மண்டல ஆணையத்தின் ஒப்புதல்தான் இல்லை. வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம். ஆகையால் அனுமதி இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது, வாங்கியிருக்க வேண்டிய தடையில்லாச் சான்றுகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். ஏரிக்கரை, கால்வாய் ஓரம் என்றால் நீர்வளத் துறையின் சான்று, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் அதற்கான தனிக் கட்டுப்பாடுகள். சென்னையில் ஒரு சர்வே எண்ணுக்கு என்ன நில உபயோகம் என்பதை சி.எம்.டி.ஏ. இணையதளத்திலேயே பார்க்கலாம். விவசாய மண்டலம் என்று வந்தால் அந்த வீட்டை விட்டு விலகுவதே நல்லது.

‘பிறகு ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்’

விதிமீறிய வீட்டை விற்கிறவரின் கடைசி ஆயுதம் இந்த வாக்கியம். அதில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதுதான் ஆபத்து. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டப்பட்டவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்க வழி செய்தது அரசு. கெடுவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போன திருத்தங்களை 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 113-சி என்ற இன்னொரு பிரிவு வந்தது. அதற்கான கெடு 2007 ஜூலை 1. அதாவது, அதற்குப் பிறகு கட்டிய மாடிக்கு அந்தக் கதவுகள் இரண்டும் மூடியவை. இன்னொரு கதவு திறக்கும் என்று நம்பி ஒரு கோடி ரூபாய் போடுவது முதலீடு இல்லை, சூதாட்டம்.

இந்த மன்னிப்புத் திட்டங்கள்மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. விதியை மதித்து இடைவெளி விட்டுக் கட்டியவர் ஏமாளி, முழு மனையையும் மூடிக் கட்டிவிட்டு அபராதம் கட்டியவர் புத்திசாலி என்று ஊருக்குக் கற்றுக்கொடுத்தவை அவை. அந்தப் ‘புத்திசாலி’ வீடுகளைத்தான் இன்று விவரம் தெரியாத இளம் தம்பதிகள் இருபது வருட மாதத் தவணைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கட்டியவர் காசோடு போய்விடுகிறார். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆவது பிரிவுகளின் கீழ் வரும் இடிப்பு நோட்டீஸும் பூட்டி முத்திரையிடும் நடவடிக்கையும் வீட்டில் இப்போது இருப்பவருக்கு.

கூடுதல் தளத்துக்கு விண்ணப்பிப்பதே பல வீடுகளின் பழைய ரகசியத்தை வெளியே கொண்டுவருகிறது. புதிய வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தையும் காட்ட வேண்டும். அது பழைய அனுமதியோடு பொருந்தாவிட்டால், மேலே கட்டுவதற்கு முன் கீழே இருப்பதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். ‘பேசாமல் அனுமதி கேட்காமலே கட்டிவிடலாம்’ என்று அப்போது மேஸ்திரி யோசனை சொல்வார். முதல் விதிமீறலை விற்றவர் செய்தார். இரண்டாவதை நீங்கள் செய்யப்போகிறீர்கள்.

அடுக்குமாடியில் மேல்தள வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘டெரஸ் ரைட்ஸ் உங்களுக்குத்தான்’ என்று பில்டர் வாயால் சொன்னதை நம்பி அறை எழுப்பிவிடாதீர்கள். மொட்டை மாடி பொதுவாக எல்லோருக்கும் உரியது, மிச்சமுள்ள எஃப்.எஸ்.ஐ.யும் யூ.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கை வைத்திருக்கும் ஒருவர் மட்டும் எடுத்துக்கொள்ளும் பொருளன்று. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவான திட்டங்களில், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாங்குநர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு.

அனுமதி இருந்தால் மட்டும் கட்டடம் நிற்குமா என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. 2014 ஜூன் 28 மாலை, போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்குத் திட்ட அனுமதி இருந்தது. திட்ட அனுமதி என்பது எங்கே, எவ்வளவு கட்டலாம் என்பதற்கானது. தூணின் பலத்துக்கான உத்தரவாதம் இல்லை. பதினைந்து வருடம் மழையில் நனைந்து துருவேறிய கம்பியில் அப்படியே புதுக் கம்பியைக் கட்டி பில்லர் எழுப்பக் கூடாது. அஸ்திவாரத்தையும் தூண்களையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் சோதித்துச் சொன்ன பிறகே மேலே ஒரு செங்கல் ஏற வேண்டும். ‘நான் கட்டின வீடு சார், எனக்குத் தெரியாதா’ என்று மேஸ்திரி சொல்வது சோதனை ஆகாது.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பு பிளானைக் கேளுங்கள். ‘எங்கேயோ வெச்சிருக்கோம், ரிஜிஸ்ட்ரேஷனுக்குள்ள தேடிக் கொடுத்துடறோம்’ என்றால், தேடிக் கொடுத்த பிறகே முன்பணம் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே தொலைந்திருந்தால், அனுமதி எண்ணை வைத்து, அனுமதி கொடுத்த அலுவலகத்தில் உரிமையாளரே நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் வழியும் இருக்கிறது. கிரய ஒப்பந்தத்தில் அனுமதி எண், தேதி, அனுமதிக்கப்பட்ட பரப்பு மூன்றையும் எழுத வையுங்கள். கட்டடம் அனுமதியோடு பொருந்தாவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்று ஒரு வரியையும் சேருங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். அளந்து பார்த்ததில் அனுமதிக்கு மேல் 300 சதுர அடி இருக்கிறது என்று தெரிந்தால், அந்த 300-க்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். அதை இடிக்கும் செலவையும் விலையில் கழியுங்கள். விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு வீட்டைப் பாருங்கள்.